பாத்திரத்தில் வெட்டிய பெயரிலிருந்து தொடங்குங்கள்

குடும்ப வரலாறு தேடப் போகிறேன் என்று கிளம்புகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் செய்வது ஒன்றுதான். போனில் ஒரு செயலியை இறக்கி, அப்பா, ஐயா, பாட்டையா, அவரைப் பெற்றவர் என்று கட்டம் கட்டமாக ஏற்றிக்கொண்டு போவார்கள். செட்டிநாட்டில் நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதில் சிரமமே கிடையாது, விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்து வரிசை, பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டே வருவதால் அதைப் பிரித்தாலே மூன்று நாலு தலைமுறை வந்து விழுந்துவிடும். அதற்கு மேலே போகாது. மேலே போகாதது கூடப் பரவாயில்லை, வந்த கட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கட்டங்கள் எல்லாம் காலியாகக் கிடக்கும். பாட்டையாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஆச்சி எந்த ஊர், எந்தக் கோவிலைச் சேர்ந்தவர், எந்த வீட்டுப் பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இதில் எனக்கு உறுதியான ஓர் எண்ணம் உண்டு. ஆண் வழி எங்கும் ஓடிப் போய்விடாது. அது பத்திரத்தில் இருக்கிறது, கோவில் கணக்கில் இருக்கிறது, கோர்ட் தீர்ப்பில் இருக்கிறது, சிங்கப்பூர்ப் பத்திரிகையில் இருக்கிறது, இன்னும் பத்து வருடம் கழித்துத் தேடினாலும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பெண் வழி இருப்பது சாமான் அறையிலும், டிரங்குப் பெட்டியிலும், எண்பது தாண்டிய ஆச்சிகளின் ஞாபகத்திலும். மூன்றும் நம் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கின்றன. அதனால்தான் யார் கேட்டாலும், முதலில் செயலியை மூடு, ஊருக்குப் போய்ச் சாமான் அறையைத் திற என்று சொல்கிறேன்.

விலாசத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதன் பலமும் குறையும் தெரிந்தால்தான் மற்றது புரியும். எல்லோருக்கும் தெரிந்த பெயரையே எடுத்துக்கொள்வோம். எம்.ஏ.எம். ராமசாமி என்றால் அந்த மூன்று எழுத்தும் முத்தையா, அண்ணாமலை, முத்தையா. கடைசி எழுத்து அவருடைய தந்தை ராஜா சர் முத்தையா செட்டியார். நடுவில் இருப்பது பாட்டனார், 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் தோன்றக் காரணமான ராஜா சர் அண்ணாமலை செட்டியார். முதல் எழுத்து அவருக்கும் தந்தை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி வருகிறது, பாருங்கள். தேடுகிறவர்களை இதுதான் பாடாய்ப் படுத்தும். ஒரு பழைய பத்திரத்தில் முத்தையா மகன் அண்ணாமலை என்று இருந்தால் அது ஐயாவா, ஐயாவுக்கு ஐயாவா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது, வருஷத்தை வைத்தோ மனைவி பெயரை வைத்தோதான் சொல்ல முடியும். ஒரே பெயர் கொண்ட இரண்டு ஆண்களைப் பிரித்துக் காட்டுவதற்காவது ஆச்சிமார் பெயர் வேண்டும். விலாசத்தில் அவர்களுக்கு ஓர் எழுத்துகூட இல்லை.

சரி, சாமான் அறைக்கு வருவோம். மகளுக்குக் கொடுத்துவிடும் சீர்ச்சாமானில் எங்கள் பக்கம் குறை வைப்பது கிடையாது. பித்தளை அண்டா, தவலை, வெண்கலப் பானை, உருளி, செப்புக் குடம், குத்துவிளக்கு, அப்புறம் எவர்சில்வர் வந்த பிறகு அதிலும் அடுக்கடுக்காக. அநேகமாக எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். சில வீட்டில் பெண்ணின் தாய் வீட்டு விலாசத்தோடு வெட்டியிருப்பார்கள், சில வீட்டில் புகுந்த வீட்டு எழுத்தோடு இருக்கும், சிலதில் ஊர்ப் பெயரைச் சுருக்கி ஓர் ஓரத்தில் போட்டிருப்பார்கள். எந்த வழக்கம் என்பதை உங்கள் வீட்டில் நன்றாகத் தெரிந்த ஒருவருடைய சாமானை வைத்து முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அம்மாவுடைய சாமானே போதும்.

வாசிப்பது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பல பாத்திரத்தில் எழுத்து மழுங்கிப் போயிருக்கும். கொஞ்சம் விபூதியை எடுத்து அந்த இடத்தில் விரலால் அழுத்தித் தடவிவிட்டு, மேலே இருப்பதை உலர்ந்த துணியால் இலேசாக வழித்துவிடுங்கள். வெட்டுக்குள் போன விபூதி அங்கேயே நின்று, எழுத்து வெள்ளையாகத் தெரியும். பிறகு ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் நேராக விழாமல் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் எடுங்கள். போன் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், பளபளப்பில் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு படம்: எழுத்து மட்டும் ஒன்று, முழுப் பாத்திரமும் தெரிகிற மாதிரி ஒன்று. வடிவத்தைப் பார்த்தே இது இன்ன ஆச்சி காலத்துச் சாமான் என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

எழுத்தும் இன்றைய எழுத்தாக இருக்காது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் வெட்டியதில் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவம், ணா, றா, னா மூன்றும் சுழித்த வடிவம். இன்னும் பழைய சாமானில், ஓலையில் எழுதுவது போலவே புள்ளியே வைக்காமல் வெட்டியிருப்பார்கள், எதை மெய்யாக வாசிப்பது எதை உயிர்மெய்யாக வாசிப்பது என்று யோசித்துத்தான் படிக்க வேண்டும். லெட்சுமணனுக்கு லெ என்றும் சிதம்பரத்துக்குச் சித என்றும் சுருக்குவது தெரிந்ததுதான், சுருக்கம் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கண்டனூர் வீட்டில் ஒரு வெண்கல உருளி உண்டு. நல்ல கனம், இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குப் பொங்கல் அதில்தான் வைப்பது. அதில் இருக்கிற மூன்றெழுத்து விலாசம் எங்களுடையதும் இல்லை, எங்கள் வீட்டுக்கு வந்ததாக எங்களுக்குத் தெரிந்த எந்த ஆச்சியின் தாய் வீட்டு எழுத்தும் இல்லை. யார் வீட்டிலிருந்தோ இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் விட்டது என்று அப்பா உட்பட எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். விபூதி போட்டுப் பார்த்தபோது விலாசத்துக்குக் கீழே மீனாட்சி என்ற பெயரும், அதற்கும் கீழே பொடி எழுத்தில் நெற் என்றும் தெரிந்தது. நெற்குப்பை. அந்தப் படத்தைக் கொண்டுபோய், எங்கள் அப்பத்தாவின் நாத்தனார் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: “இது மூத்தவளுக்கு வந்ததுல்ல ஆத்தா, உனக்கு யாரும் சொல்லலையா?” எங்கள் பாட்டையாவுக்கு மூத்த தாரம் ஒருவர் இருந்திருக்கிறார். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் பிள்ளை இல்லாமலே இறந்துபோனார், அதற்குப் பிறகு கட்டியவர்தான் நாங்கள் வழிவழியாகப் பாட்டியாள் என்று சொல்லிக்கொண்டிருப்பவர். இந்த வீட்டில் வாழ்ந்து, இந்த வளவில் (உள்முற்றத்தில்) நடந்து, இங்கேயே செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி அவருக்குப் பிறகு வந்த மூன்று தலைமுறைக்கு ஒரு வார்த்தை தெரியவில்லை. அவர் கொண்டுவந்த உருளியில்தான் வருஷா வருஷம் முன்னோருக்குப் படைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆச்சிகளிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, உங்க மாமியார் பேர் என்ன, அவங்க மாமியார் பேர் என்ன என்று வரிசையாகக் கேட்டால் இரண்டாவது கேள்வியிலேயே எனக்கென்னப்பா தெரியும் என்று முடித்துவிடுவார்கள். அந்தக் காலத்து மனுஷிகள் பலர் கணவர் பெயரை வாயால் சொல்லவே மாட்டார்கள், புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்லவும் கூசுவார்கள். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். பாத்திரமோ, கல்யாணப் படமோ, பழைய அழைப்பிதழோ. இது யார் கொண்டுவந்தது, பெண் வீட்டிலிருந்து வேவுச் சீர் இறக்கியபோது யார் யார் வந்தார்கள், அந்தக் கல்யாணத்தில் யாருக்குக் கோபம் என்று கேளுங்கள். கோபக்கதைகளில் உறவுமுறை அவ்வளவு துல்லியமாக வரும்! யார் வீட்டுக்கு முதலில் பாக்கு வைக்கவில்லை என்ற கதையிலிருந்து இரண்டு குடும்பத்துக்கு நடுவில் இருந்த சம்பந்தத்தை நான் பிடித்திருக்கிறேன். போனில் பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கேட்டுவிட்டுச் செய்தால் அவர்களும் நிதானமாகப் பேசுவார்கள். அம்மான், அயித்தை என்று அவர்கள் முறை சொன்னால் அது யாருக்கு முறை என்பதை அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், சொல்கிறவருக்கு அம்மான் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் குழம்பும்.

அடுத்தது பெட்டி. அதில் நான் முதலில் தேடச் சொல்வது மகள் கல்யாணத்துக்குச் செய்யும் சீர்களை எழுதிய முறைச்சிட்டை, மொய் எழுதிய நோட்டு, சாதகம், இசைகுடிமானம். இசைகுடிமானம் என்பது கல்யாணத்தின்போது இரண்டு வீட்டாரும் சம்மதித்து எழுதிக்கொள்ளும் ஓலை. எங்கள் வீட்டில் கிடைத்தவற்றில் வருஷம், தேதி, இரண்டு பக்கத்து ஊர், யார் மகனுக்கு யார் மகள் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. கல்யாணச் சான்றிதழ் என்ற ஒன்றே வழக்கத்தில் இல்லாத காலத்துக்கு இதைவிட என்ன வேண்டும். மொய் நோட்டு இன்னும் அருமையானது, ஊர்வாரியாக, விலாசத்தோடு, எந்த முறையில் செய்தார்கள் என்பதோடு நூற்றுக்கணக்கான பேர் அதில் வரிசையாக நிற்பார்கள். உருளி ஆச்சியின் தாய் வீட்டை நான் உறுதி செய்தது அப்படித்தான், பாட்டையாவுடைய தங்கை கல்யாண மொய்யில் அதே மூன்றெழுத்து விலாசம் நெற்குப்பை என்ற தலைப்பின் கீழ், சம்பந்தி முறையாக, கணிசமான தொகையோடு இருந்தது.

இவற்றைப் படிக்க வேண்டுமானால் தமிழ்க் கணக்குக் குறிகள் தெரிய வேண்டும். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்களை ௧ முதல் ௯ வரை ஒருநாள் உட்கார்ந்தால் கற்றுக்கொள்ளலாம், பழைய முறையில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனி எழுத்து உண்டு என்பதுதான் கவனிக்க வேண்டியது: ௨௱௫௰ என்றால் 250. பின்னத்துக்கும் தனி எழுத்துகள் உண்டு, கால், அரைக்கால், மாகாணி என்று. குடும்ப மரம் போடுகிறவர்களுக்கு அது அவ்வளவு அவசியம் இல்லை, பேரேட்டையும் ஐந்தொகை என்கிற இருப்புநிலைக் கணக்கையும் படிக்க நினைக்கிறவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

தேதிதான் உண்மையான வேலை. பழைய ஏட்டில் ஆங்கில வருஷம் இருக்காது, ரௌத்திரி வருஷம் தை மாதம் என்று இருக்கும். அறுபது வருஷச் சுற்று என்பதால் ரௌத்திரி என்பது 1920இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1980இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், இன்னும் முன்னால் போனால் 1860. முதல் வருஷமான பிரபவ 1867, 1927, 1987 என்று மனதில் இருத்திக்கொண்டால் மற்றதை வரிசைப்படி எண்ணிவிடலாம். வருஷம் சித்திரையில் பிறக்கிறது என்பதை மறக்கக் கூடாது: ரௌத்திரி தை என்பது 1921 ஜனவரி பாதியில்தான் வரும், 1920இல் அல்ல. சாதகத்தில் சாலிவாகன சகாப்தம் போட்டிருந்தால் 78ஐக் கூட்டுங்கள், கலியுக வருஷம் போட்டிருந்தால் 3101ஐக் கழியுங்கள், ஒன்றிரண்டு மாதக் கணக்கில் ஓர் எண் முன்னே பின்னே வரும், அதைத் தமிழ் வருஷப் பெயரை வைத்துச் சரி பார்த்துக்கொள்ளலாம். ஆச்சிகளின் பேச்சில் வரும் கால அடையாளங்களும் அப்படியே உதவும். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு கட்டிய வீடு என்று ஒருவர் சொன்னால் அது 1876இல் தொடங்கிய பஞ்சம், ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது ஐயா நடந்தே வந்தார் என்றால் அது 1942.

கோவிலை எழுதாமல் எங்கள் குடும்ப மரம் முழுமையாகாது. நகரத்தாருக்கு ஒன்பது கோவில், ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. இளையாத்தங்குடி, மாத்தூர் போன்ற பெரிய கோவில்களுக்கு உள்ளே பிரிவுகளும் உண்டு. பொதுவாக ஒரே கோவிலுக்குள் பெண் எடுப்பதில்லை, இரணியூரும் பிள்ளையார்பட்டியும் சகோதரக் கோவில்கள் என்பதால் அவர்களுக்குள்ளும் கிடையாது. தேடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசியுங்கள். ஓர் ஆச்சியின் ஊர் மட்டும் தெரிந்து கோவில் தெரியாவிட்டால், நம் கோவிலைக் கழித்துவிட்டு அந்த ஊரில் எந்தெந்தக் கோவில்காரர்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்தால் தேட வேண்டிய வீடுகள் பாதியாகக் குறைந்துவிடும். கல்யாணமானதும் ஒரு தம்பதி கோவிலிலும் ஊரிலும் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுகிறார்கள், துணையை இழந்தவர் அரைப் புள்ளி. புள்ளிக் கணக்கு இருக்கிற இடத்தில், எந்த வருஷம் புதுப் புள்ளி ஏறியது, எப்போது அரையாக ஆனது என்று ஒரு குடும்பத்தின் கல்யாணமும் சாவும் அதில் தெரியும். கோவில் கணக்கைப் பார்க்க வேண்டுமானால் கோவில் நிர்வாகம் பார்க்கிற காரியக்காரர்களிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும், பங்காளிகளில் மூத்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் வேலை சுலபம்.

படைப்பு நாளையும் விட்டுவிடாதீர்கள். எரித்துவிடுகிற வழக்கம் நம்முடையது, பெயர் பொறித்த கல்லறை எதுவும் நமக்கு இல்லை. அதற்குப் பதிலாக இருப்பது படைப்பு. எந்தப் பெரியவர்களுக்குப் படைக்கிறோம், எந்த ஆச்சிக்குச் சேலை வைக்கிறோம், யார் யார் தங்கள் புள்ளிக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதை அன்றைக்கே குறித்துக்கொண்டால் பங்காளி வட்டம் முழுவதும் ஒரே நாளில் கிடைக்கிறது.

பிள்ளை கூட்டுவதை, அதாவது தத்தெடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்குப் பங்காளிகளிலிருந்தோ அதே கோவில்காரர்களிலிருந்தோ பிள்ளை கூட்டுவது எங்கள் பக்கம் சர்வ சாதாரணம். மஞ்சள் நீர் குடித்து வந்த பிள்ளை அன்று முதல் இந்த வீட்டு விலாசத்துக்கு மாறிவிடுவார், பெற்ற வீட்டு எழுத்து அவர் பெயரிலிருந்து போய்விடும். ஆகவே ஒரு கட்டத்தில் விலாசம் வழக்கமான தாத்தா பேரன் வரிசைக்குப் பொருந்தாமல் இருந்தால் பிள்ளை கூட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமும் வேண்டாம், இரண்டு வீட்டையும் எழுதுங்கள். கூட்டிய அம்மாவையும் எழுதுங்கள், பெற்ற அம்மாவையும் எழுதுங்கள். பிள்ளையைக் கொடுத்த அம்மாவின் பெயர்தான் எங்கும் விடுபட்டுப் போகிறது.

வீடே ஒரு சாட்சி. வளவைச் சுற்றி இருக்கிற இரட்டை அறைகள் கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கியவை, எந்த அறை எந்தப் பங்காளிக்கு என்று ஒரு தாளில் வரைந்து எழுதினாலே சகோதரர்கள் வரிசை வந்துவிடும். அதைப் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் பிற்காலத்து விவரம் கணினியிலேயே கிடைக்கும், பழையதைக் கையெழுத்துப் புத்தகத்தில்தான் தேட வேண்டும். பதிவுச் சட்டப்படி முதல் புத்தகம் சொத்துப் பத்திரங்களுக்கு, அதன் அட்டவணையை மனுச் செய்தால் யாரும் பார்க்கலாம். மூன்றாம் புத்தகத்தில் உயில்களும் தத்தெடுக்க அதிகாரம் கொடுத்த பத்திரங்களும் இருக்கும், எழுதியவர் இறந்த பிறகு மனுச் செய்து நகல் வாங்கலாம். கணவர் இறப்பதற்கு முன் மனைவிக்குப் பிள்ளை கூட்டிக்கொள்ள அதிகாரம் எழுதி வைத்த பத்திரங்கள் அங்கேதான் இருக்கும், அதில் அந்த அம்மாவின் பெயர் தவறாமல் வரும்.

எந்த ஆவணம் எங்கே என்பது ஊரைப் பொறுத்தது. என் அப்பா வழி கண்டனூர், அது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து, பிறகு சிவகங்கை பக்கம் தனி மாவட்டமானது. அம்மா வழி ராங்கியம், அது புதுக்கோட்டை சமஸ்தானம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இணையும் வரை அங்கே தொண்டைமான் அரசாங்கத்தின் தனி நிர்வாகம், இணைந்த பிறகு திருச்சி மாவட்டம், 1974இலிருந்துதான் புதுக்கோட்டை மாவட்டம். குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, விராச்சிலை, கோனாபட்டுக்காரர்களுக்கும் இதே கதைதான். மதுரையிலோ ராமநாதபுரத்திலோ போய்க் கேட்டுவிட்டு இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

கோர்ட் தீர்ப்புகளைப் பலரும் நினைத்தே பார்ப்பதில்லை. பாகப்பிரிவினை, பிள்ளை கூட்டியது செல்லுமா செல்லாதா, சீதனம் யாருக்கு என்று நகரத்தார் குடும்ப வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றம் வரை, சிலது லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போயிருக்கின்றன. பழைய தீர்ப்புகள் பல இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வழக்கைப் புரிய வைப்பதற்காக நீதிபதியே குடும்ப வழியைத் தலைமுறை தலைமுறையாக எழுதியிருப்பார். தேடும்போது ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள், செட்டி என்று முடியும், செட்டியார் என்று முடியும், லெட்சுமணனுக்கு மட்டுமே நாலு விதம் இருக்கும். விதவையான ஆச்சிகள் தங்கள் பெயரிலேயே வழக்காடியிருப்பதைப் படிக்கும்போது, வீட்டை விட்டு வெளியே வராதவர்கள் என்று நாம் நினைத்திருந்தவர்களைப் பற்றிய எண்ணமே மாறிவிடுகிறது.

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஐயாக்களைத் தேட அந்தந்த ஊர்ப் பத்திரிகைகள்தான் நல்ல வழி. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இலிருந்து கிடக்கிறது. இன்ன விலாசம் கடைக்கு இன்னார் ஏஜெண்டு, இன்னாருக்குக் கொடுத்த பவர் ரத்து என்று விளம்பரங்கள் வரும், பெயரைவிட விலாசத்தை வைத்துத் தேடினால் வேகமாகக் கிடைக்கும். பர்மாவில் இருந்தவர்களின் கடைக் கணக்குகள் பல யுத்தத்தில் போய்விட்டன, ஆனால் ஏஜெண்டுகள் ஊரில் இருந்த முதலாளிக்கு ஐந்தொகை அனுப்புவது வழக்கம், ஆகவே ரங்கூனில் அழிந்தது கானாடுகாத்தானில் ஒரு பெட்டியில் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பெட்டியைத் திறந்தால் கடிதங்களையும் பாருங்கள். அந்தக் காலத்தில் பெண்கள் பெரும்பாலும் கடல் தாண்டவில்லை, மூன்று வருஷக் கணக்குக்குப் போன கணவருக்கு வீட்டு விஷயம் எல்லாம் கடிதத்தில்தான் போயிற்று. யாருக்குப் பிரசவம், யார் சம்பந்தம் பேசினார்கள், எந்தப் பிள்ளைக்கு அம்மை என்று ஒரு வருஷக் கடிதம் பத்துப் பத்திரத்துக்குச் சமம்.

நூலகம் என்றால் சென்னை தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த சேகரிப்பிலிருந்து பிறந்தது அது, 1994இலிருந்து சென்னையில் நடக்கிறது. புத்தகங்களோடு கல்யாண அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்த மனிதர் அவர், நமக்கு வேண்டியதும் அதுதானே. 1920களில் காரைக்குடியிலிருந்து வந்த தனவைசிய ஊழியன், குமரன் மாதிரியான பத்திரிகைகளில் ஊர்ச் செய்தி, கல்யாணச் செய்தி எல்லாம் தேட வேண்டியவை. புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஞானாலயா நூலகம் இருக்கிறது.

இப்போது செயலியைத் திறக்கலாம். நான் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் வைத்திருக்கிறேன். தமிழிலேயே பெயர் எழுதலாம், ஒரு பிள்ளைக்குப் பெற்றவர், கூட்டியவர் என்று இரண்டு ஜோடிப் பெற்றோரையும் காட்டலாம், விலாசம் மாறினால் இரண்டாவது பெயராகச் சேர்க்கலாம். ஒவ்வொரு தகவலுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: உருளி, இன்ன ஆச்சி சொன்னது, மொய் நோட்டு இன்ன பக்கம். இரண்டு சான்று ஒத்துப்போனால் ஒழிய உறுதி என்று நான் குறிப்பதில்லை. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் போன் எண்ணையும் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படுத்துகிறேன். வீட்டைப் பங்கு பிரிக்கும்போதும் விற்கும்போதும் முதலில் வெளியே போவது சாமான்தான். பித்தளையும் வெண்கலமும் எடைக்குப் போகும், நல்ல வேலைப்பாடு உள்ளது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். அந்தத் தெருவில் நடந்தால் கடைக்குக் கடை அடுக்கி வைத்த தூக்குகளிலும் அண்டாக்களிலும் விலாசத்தோடு பெயர்கள், எந்த ஊர் ஆச்சி என்று சொல்ல ஆள் இல்லாமல். விற்பதைத் தடுக்க நம்மால் முடியாது, யாருக்கும் இன்றைக்கு அண்டா வைக்க இடமில்லை. தராசில் ஏறுவதற்கு முன்னால் எழுத்தைப் படம் எடுத்துவிடலாம், ஒரு மத்தியான வேலைதான். கடையில் வாங்குகிறவர்களும் பெயரை அழிக்கச் சொல்லாமல், எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

எடுத்த படங்களையும் எழுதியதையும் பங்காளிகளுக்கு அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள், அந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த மகள்களின் வீடுகளுக்கும் ஒரு பிரதி போகட்டும். உங்கள் வீட்டு விலாசம் வெட்டிய சாமான் எல்லாம் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது, உங்கள் வீட்டில் இருப்பது மருமகள்கள் கொண்டுவந்தது. நான் என் பங்குக்கு உருளியின் படத்தை நெற்குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன், அங்கே அந்த விலாசத்துக்காரர்கள் இரண்டு வீடு இருக்கிறதாம், தை மாதம் எல்லோரும் ஊருக்கு வரும்போது அவர்கள் பெட்டியையும் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.